இரண்டாவது பிரேக்

“ரெண்டே சீட்டா? அப்ப நான் எங்கடி உக்கார்றது, டிக்கியிலயா?” என்று அப்பா கேட்டார்.

“டிக்கியில ஸ்டெப்னி இருக்குப்பா. நீங்க வீட்டைப் பாத்துக்கோங்க” என்றாள் மகள்.

பத்தொன்பது முடியாத பெண். வாலு என்பது அப்பா வைத்த செல்லப்பெயர். கல்லூரி விட்டதும் நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்டும் கடையில் வேலை. நனைந்து, பிறாண்டப்பட்டு, இரண்டு முறை கடியும் பட்டுச் சேர்த்த காசு அவளுடையது. அதைக் கொண்டுபோய்க் கொட்ட அவள் தேர்ந்தெடுத்தது, அவளைவிட வயதில் மூத்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார்.

போனில் படம் காட்டினாள். கடுகு மஞ்சள் நிறம். தரையோடு தரையாகப் பதுங்கிய தவளை மாதிரி உட்கார்ந்திருந்தது. முன்விளக்குகள் மூடிக்கிடக்கும், பட்டனை அமுக்கினால் கண் விழிப்பதுபோல் மேலே எழும்பும். அதில் ஒரு கண் கொஞ்சம் சோம்பேறி. தாமதமாகத்தான் விழிக்கும்.

“பாக்கறவங்களைப் பாத்துக் கண்ணடிக்குதுப்பா அது.”

“அப்ப உடனே வாங்கு. உங்கம்மாவுக்கப்புறம் என்னைப் பாத்து யாரும் கண்ணடிச்சதில்ல” என்றார் அப்பா. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கண் சம்பந்தப்பட்ட எதையும் விடமாட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, “பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறதும் யானையைக் கட்டித் தீனி போடறதும் ஒண்ணு” என்றாள்.

“யானை எத்தனை கிலோமீட்டர் குடுக்கும்னு தெரியாது. இது எவ்வளவு குடுக்கும்னு கேட்டுட்டேன்.”

“பார்ட்ஸ் கிடைக்காது.”

“கிடைக்குது. விசாரிச்சுட்டேன்.”

“மேல துணிக்கூரை. மழை பேஞ்சா ஒழுகும்.”

“நாள் முழுக்க நனையறதுதாம்மா என் பொழப்பு.”

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். “வேண்டாம்னா வேண்டாம்.”

அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். “இங்க பாரு. ஊருக்கெல்லாம் ஓட்டக் கத்துக் குடுக்கறவ நீ. இவ முதல் தடவையிலேயே பாஸ் பண்ணவ. உன் பொண்ணு மேலயே உனக்கு நம்பிக்கை இல்லைன்னா எப்படி?”

அதற்கு அம்மாவிடம் பதில் இருந்தது. வாய்வரை வந்த பதிலை அப்படியே விழுங்கினாள்.

ஊரில் அவளை எல்லாரும் மேடம் என்பார்கள். டிரைவிங் ஸ்கூல் மேடம். வாசல் போர்டில் ‘முதல் தடவையிலேயே லைசென்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பொய் இல்லை. அவளிடம் கற்றவர்கள் பெரும்பாலும் முதல் தடவையிலேயே பாஸாகிவிடுவார்கள். இரண்டு தெரு தள்ளிப் போட்டிக்கு ஸ்கூல் நடத்தும் மீசைக்காரரிடம் போனால் இரண்டு, மூன்று தடவை ஆகும். “அவர்கிட்ட படிச்சா லைசென்ஸ் வர்றதுக்குள்ள பேரன் பொறந்துடுவான்” என்று மேடம் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மேடத்துக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. பயிற்சி வண்டியில் அவள் உட்காரும் பக்கத்து சீட்டின் அடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. இரண்டு பெடலுக்கும் அடியில் ஒரே கம்பி. ஒன்றை அமுக்கினால் மற்றதும் கூடவே இறங்கும். மற்ற வாத்தியார்கள் ஆபத்து வரும்போது ஓங்கி மிதிப்பார்கள், ஓட்டுகிறவன் நடுங்கிப்போவான். மேடம் அப்படியில்லை. ஓட்டுகிறவன் பெடலில் கால் வைக்கும் அதே நொடியில், பூனை நடக்கிற மாதிரி, தன் பக்கத்தில் மெல்ல இறக்குவாள். அவன் காலடியில் பெடல் வெண்ணெய்போல் இறங்கும். தானே நிறுத்தினோம் என்று நினைப்பான். முகத்தில் ஒரு தைரியம் வரும். தைரியம் வந்தால் பாதிக் கல்வி முடிந்த மாதிரி. வாரம் போகப் போக மேடம் தன் காலை லேசாக்கிக்கொண்டே வருவாள். கடைசி வாரம் காலை முழுக்க எடுத்துவிடுவாள். அதற்குள் அவன் கால் உண்மையாகவே வேலை கற்றிருக்கும்.

தன் மகளுக்கு மட்டும் அந்தக் கடைசி வாரம் வரவே இல்லை.

இன்றைக்கு எடுத்துவிடலாம், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். டெஸ்ட் நாள் வந்துவிட்டது. டெஸ்ட்டில் ஆபீஸர் பின்சீட்டில் உட்காருவார். பயிற்சி கொடுத்தவர் முன்னால், பாதுகாப்புக்கு. பயிற்சியாளர் பிரேக்கைத் தொட்டால் ஓட்டுகிறவர் ஃபெயில். தொட்டதை வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும். மேடம் தொட்டாள். சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் மகள் ஓட்டியதெல்லாம் அதே பயிற்சி வண்டியைத்தான், பக்கத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு. தவளைக் காரில் இரண்டு சீட் இருந்தது. பிரேக் ஒன்றுதான்.

*

கார் ஒரு பல் டாக்டருடையது. மனுஷன் நாற்பதைத் தாண்டியவர், முதுகு போய்விட்டது. “உள்ள உக்காந்துடுவேன். வெளிய எடுக்கத்தான் ரெண்டு பேர் வேணும். போன மாசம் பெட்ரோல் பங்க்ல என்னைக் கடவாய்ப்பல் பிடுங்கற மாதிரி பிடுங்கினாங்க” என்றார். அதனால்தான் விற்கிறார். மற்றபடி அந்தக் காரை அவர் வளர்த்த விதம் பார்த்தாலே தெரிந்தது. சீட்டில் ஒரு கீறல் இல்லை. எஞ்சினைத் திறந்தால் சாமான் துலக்கி அடுக்கிய அலமாரி மாதிரி இருந்தது.

“நீங்க வந்தது சந்தோஷம் மேடம். தொழில் தெரிஞ்சவங்க கையில பொண்ணு இருக்குன்னா எனக்கு நிம்மதி” என்று சாவியை மகளிடம் கொடுத்தார். “பிரேக் பெடல் மட்டும் கொஞ்சம் கெட்டியா இருக்கும்மா. நல்லா அமுக்கணும். பழைய வண்டி இல்லையா, நாமதான் வேலை செய்யணும்.”

“சரி அங்கிள்” என்றாள் மகள். அவள் காதில் அது விழுந்ததாக மேடத்துக்குத் தோன்றவில்லை.

கூட வந்திருந்த அப்பா டாக்டர் வீட்டு வாசலில் நின்று கையாட்டினார். மேடம் பக்கத்து சீட்டில் இறங்கினாள்; ஏறினாள் என்று சொல்ல முடியாது, அவ்வளவு தாழ்வு. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. மேடம் மகளின் முகத்தைப் பார்த்தாள். பொம்மைக் கடைக்குள் விட்ட குழந்தை முகம். ஒரு நொடி மேடத்துக்குமே ஆசையாக இருந்தது.

தெருமுனையில் ஆட்கள் கடக்கும் வெள்ளைக்கோடு. நர்ஸ் சீருடையில் ஒருத்தி போனைப் பார்த்தபடி குறுக்கே இறங்கினாள்.

மகள் பிரேக்கில் கால் வைத்தாள். மேடமும் வைத்தாள். மேடத்தின் கால் போய் இடித்தது வெறும் தரையில். அங்கே பெடல் இல்லை. மறுபடி மிதித்தாள், இன்னும் ஓங்கி. செருப்பின் வார் அறுந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

“அம்மா, இறங்க மாட்டேங்குது” என்றாள் மகள்.

நடுவில் இருந்த ஹேண்ட்பிரேக்கை மேடம் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பின்சக்கரங்கள் கிறீச்சிட்டன. தவளை பக்கவாட்டில் லேசாகத் திரும்பி நின்றது.

நர்ஸ் ஒரு கையைக் காரின் மூக்கின் மேல் ஊன்றியபடி நின்றாள். கத்தவில்லை. “மெதுவா போங்க. நானும் வீட்டுக்குப் போகணும்” என்றாள். கையை எடுத்துக்கொண்டு நடந்தாள். தூசு படிந்த மஞ்சளில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

*

டாக்டர் வீட்டுக்கு வண்டியை மேடம்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள். வழியில் ஒருமுறை பிரேக்கை அமுக்கிப் பார்த்தாள். கெட்டி, அவ்வளவுதான். அமுக்கிய இடத்தில் நின்றது.

மகள் இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டாள். “அங்கிள், உங்க வண்டியில பிரேக் ஃபெயிலியர். பெடல் கல்லு மாதிரி நிக்குது. அம்மா ஹேண்ட்பிரேக் போடலைன்னா ஒரு நர்ஸை இடிச்சிருப்போம்.”

டாக்டர் முகம் வெளுத்தது. “பிரேக்கா? போன வாரம்தானே என் அக்கா பையன் எடுத்துட்டுப் போனான். அவன் பொண்டாட்டி வேற கூட இருந்தா.” சட்டென்று மேடத்தின் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா சரி.”

அறுந்த செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மேடம் நின்றாள். எதிரே பல் டாக்டர், பக்கத்தில் மகள், வாசல்படியில் புருஷன். ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘வண்டி நல்லா இருக்கு, இவளுக்குத்தான் பிரேக் பிடிக்கத் தெரியாது.’ அதைச் சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும். அப்புறம் எப்படி லைசென்ஸ் வந்தது?

“எதுக்கும் ஒருதரம் பாத்துடறது நல்லது டாக்டர்” என்றாள்.

தன் குரல்தானா என்று இருந்தது. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. வழவழவென்று ஒரு வார்த்தை.

“கண்டிப்பா. கண்டிப்பா பாத்துடறேன்” என்றார் டாக்டர். “மன்னிச்சுக்கோம்மா. எவ்வளவு பெரிய தப்பு பண்ண இருந்தேன். சரி பண்ணாம இந்த வண்டியை யார் கையிலயும் குடுக்க மாட்டேன்.” சொல்லிவிட்டு முதுகு வலியோடு குனிந்து சக்கரத்தின் உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே இல்லாத குற்றத்தை அங்கே தேடினார்.

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்லது, வண்டி தாமதமாகும், இவளும் ஆசை அடங்கி வேறு எதையாவது பிடித்துக்கொள்வாள் என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அந்த மூலையை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் மகள் கதையை அப்பாவுக்கு இன்னொரு முறை சொன்னாள். “எனக்கு உடனே தெரிஞ்சு போச்சுப்பா. பெடல்ல கால் வெச்சதுமே இது சரியில்லைன்னு பட்டுச்சு. வேற யாராவதா இருந்தா கவனிச்சிருக்கவே மாட்டாங்க.”

“யார் வளர்ப்பு?” என்றார் அப்பா பெருமையாக.

மேடம் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

நாலைந்து நாள் கழித்து, காலை வகுப்புகள் முடிந்து காபிக் கடைக்குப் போனபோது மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். மேடத்தைப் பார்த்ததும் பக்கத்து ஸ்டூலைத் தட்டிக் காட்டினார்.

“பல் டாக்டர் வண்டி என் மச்சான் ஒர்க்ஷாப்லதான் நிக்குது, தெரியுமா?”

“அப்படியா?”

“நாலு சக்கரத்தையும் கழட்டிப் போட்டு வெச்சிருக்கான். முதல் நாளே பாத்துட்டு ஒரு கோளாறும் இல்லைன்னான். டாக்டர் ஒத்துக்கவே இல்ல. மேடமே சொல்லிட்டாங்க, உனக்கென்னய்யா தெரியும்னு அவனை விரட்டறார். நல்ல பிரேக்கைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு புதுசுக்குச் சொல்லியிருக்கார். அக்கா பையன் வீட்டுக்குப் போய், அந்த வண்டியை உனக்குக் குடுத்திருக்கக் கூடாதுன்னு மன்னிப்பு வேற கேட்டாராம்.”

மேடம் காபியைத் தொடவில்லை.

மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார். கிண்டல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. “மச்சான் கண்ணுக்குத் தப்பினது உங்க காலுக்குப் பட்டிருக்கும். நான்தான் சொன்னேன், அந்தம்மா சொன்னா சரியாத்தான்டா இருக்கும், இன்னொரு தடவை பாருன்னு. நமக்குள்ள ஆயிரம் இருக்கட்டும் மேடம், உங்க தொழில் சுத்தம்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வாசல் போர்டில் முகத்தை மோதிக்கொண்டவள் மாதிரி எழுந்து வெளியே வந்தாள்.

*

அன்று சாயங்காலம் மகளைப் பயிற்சி வண்டியில் ஏற்றிக்கொண்டு மொத்த வியாபார மார்க்கெட்டின் பின்பக்க மைதானத்துக்குப் போனாள். மார்க்கெட்டுக்கு விடுமுறை. லாரிகள் நிற்கும் இடமெல்லாம் காலி. மூலையில் கிடந்த ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மைதானத்தின் நடுவில் வைத்தாள்.

“என்னம்மா, எனக்கே கிளாஸா?” என்று மகள் சிரித்தாள்.

“நீ ஓட்டு. அந்தப் பெட்டிக்கு முன்னாடி நிறுத்து.”

மேடம் பக்கத்து சீட்டில் ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் மேலே தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இது என்ன யோகாவா?”

“ஓட்டு.”

மகள் ஏதோ பேசிக்கொண்டே ஓட்டினாள். பெட்டி கிட்டே வந்தது. பெடலில் கால் வைத்தாள். வண்டி பெட்டியைத் தாண்டிப்போனது. அடியில் அட்டை நசுங்கும் சத்தம்.

“பேசிட்டே இருந்தேன், அதான்” என்றாள்.

மேடம் இறங்கிப் போய், நசுங்கிய பெட்டியை உப்பவைத்து மறுபடி நிறுத்திவிட்டு வந்து அதே மாதிரி உட்கார்ந்தாள். மறுபடியும் பெட்டி நசுங்கியது. இந்த முறை மகள் பேசவில்லை. மூன்றாவது முறை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பெட்டி சக்கரத்தில் சிக்கிக் கொஞ்ச தூரம் இழுபட்டது.

“இந்த வண்டியிலயும் பிரேக் போயிடுச்சாம்மா?”

“நீ காலைச் சும்மா வெக்கிற. அமுக்கணும்.”

“எப்பவும் இப்படித்தானே வெப்பேன்? வெச்சா தானா இறங்குமே?”

சொல்லி முடித்ததும் அவள் பார்வை மெல்ல நகர்ந்தது. சீட்டின் மேல் மடித்து வைத்த அம்மாவின் வெறுங்காலில் வந்து நின்றது. அப்புறம் கீழே, யாரும் தொடாமல் கிடந்த இரண்டாவது பெடலில்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

“எப்பலேர்ந்து?” என்றாள் மகள்.

“முதல் நாள்லேர்ந்து. எல்லாருக்கும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். கடைசி வாரம் எடுத்துடுவேன். உனக்கு மட்டும் எடுக்கல.”

“டெஸ்ட் அன்னிக்கு?”

மேடம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

“அம்மா. டெஸ்ட் அன்னிக்கு?”

“ஒரே ஒரு தடவை. மத்த நேரமெல்லாம் ஊர்ந்துதான் போன, லேசா வெச்சாலே நின்னுச்சு. அந்த சைக்கிள்காரர் குறுக்க வந்தப்ப.”

மகள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். “அந்த சைக்கிள்காரரா? ஆபீஸர் பாராட்டினாரே. நல்ல கவனம்மா உனக்குன்னு சொன்னாரே. அதை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். கடையில வர்ற நாய்ங்ககிட்டகூட சொல்லியிருக்கேன்.”

மேடத்துக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டிய இடம். வரவில்லை.

“ஏம்மா?”

பயத்தில் செய்தேன், பெத்த மனசு என்று சொல்லலாம். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டி ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அந்த நொடியில் அவள் கண்முன் வந்தது சைக்கிள்காரர் இல்லை. மகளும் இல்லை. வாசல் போர்டு.

“மேடம் பொண்ணு ஃபெயில்னு நாலு பேர் சொல்லுவாங்கன்னு பயந்தேன்” என்றாள். “உனக்காக இல்ல. எனக்காகத்தான்.”

மகள் கதவைத் திறந்து இறங்கினாள். நடந்து போய்விடுவாள் என்று மேடம் நினைத்தாள். அவள் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள், ஆபீஸர் உட்கார்ந்த இடத்தில். கழுத்தை நீட்டி, சாய்ந்து, குனிந்து பார்த்தாள்.

“காலைக் கீழ வை.”

மேடம் வைத்தாள்.

“ஆமா. இங்கேர்ந்து பாத்தா உன் கால் தெரியவே இல்ல” என்றாள் மகள்.

பிறகு பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது. “அந்த டாக்டர் என்கிட்ட மன்னிப்பு கேட்டாரும்மா. நீ பக்கத்துலதானே நின்ன?”

*

மறுநாள் ஒர்க்ஷாப்பில் தவளை நாலு கட்டையின் மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது, கால் இல்லாமல். டாக்டர் ஒரு ஸ்டூலில் சாய்ந்து நின்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். மேடத்தையும் மகளையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க மேடம். எல்லாம் புதுசு. பழசுல ஒண்ணைக்கூட விட்டு வெக்கல.”

மகள் வாயைத் திறந்தாள். மேடம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “டாக்டர், உங்க பிரேக்ல எந்தக் குறையும் இல்ல. அன்னிக்கு நானே ஓட்டிட்டு வரும்போது அமுக்கிப் பாத்தேன். நல்லாத்தான் நின்னுச்சு. தெரிஞ்சேதான் உங்ககிட்ட அப்படிச் சொன்னேன்.”

காரின் அடியிலிருந்து மீசைக்காரரின் மச்சான் தலையை நீட்டினான். “நான் சொன்னேன்ல?” என்றான் யாரிடமோ. அப்புறம் மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

மேடம் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாவது பெடல், கடைசி வாரம், டெஸ்ட், சைக்கிள்காரர். மகள் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். சொல்லச் சொல்லத் தன் உடம்பு சிறுத்துக்கொண்டே போவதுபோல் மேடத்துக்கு இருந்தது.

“அப்ப என் வண்டி நல்லாதான் இருந்துதா?” என்று டாக்டர் கேட்டார். முதலில் வந்தது நிம்மதி. ஒரு நீண்ட மூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் அவர் நெற்றி சுருங்கியது.

“மேடம், என் மனைவி உங்ககிட்டதானே கத்துக்கிட்டா?”

“ஆமா டாக்டர்.”

“பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அவதான் கூட்டிட்டுப் போறா.”

“அவங்களுக்குக் கடைசி வாரம் காலை எடுத்துட்டேன் டாக்டர். சத்தியமா. டெஸ்ட்ல நான் தொடவே இல்ல.”

டாக்டர் தலையாட்டினார். மரியாதைக்கு ஆட்டுகிற ஆட்டல் அது. நம்புகிற மனுஷன் அப்படி ஆட்டமாட்டான். உண்மையைச் சொல்லும்போதும் தன் வார்த்தை இனி இப்படித்தான் தொங்கும் என்று மேடத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

“கழட்டினது, புதுசு, எல்லாச் செலவும் என்னுது” என்றாள்.

“அது ஆகட்டும். ஒர்க்ஷாப்ல பில் போடுவாங்க.” அவர் மகளைப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்ற? வண்டி வேணுமா, வேண்டாமா?”

மகள் தவளையின் மூக்கைத் தடவினாள். “வேணும் அங்கிள். ஆனா இப்ப குடுக்காதீங்க. கேட்டாலும் குடுக்காதீங்க.”

“வித்துட்டா?”

“வித்துட்டா போகட்டும்.”

“முதுகு இருக்கற இருப்புல நான் எங்க விக்கறது. வாங்க வர்றவன் ஓட்டிப் பாக்கணும்பான், நான் கூட உக்காரணும், என்னைப் பிடுங்கி எடுக்கணும்” என்று டாக்டர் முணுமுணுத்தார். எல்லாரும் சிரித்திருக்கலாம். மச்சான் மட்டும் காருக்கடியில் சிரித்தான்.

*

லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க மகள் போனபோது மேடமும் கூடப் போனாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அதே ஆபீஸர். “திருப்பித் தர்றியா? எதுக்கு?” என்று வியந்தார்.

“எனக்கு ஓட்டத் தெரியாது சார்” என்றாள் மகள். அதற்கு மேல் சொல்லவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் மேடத்தைச் சுட்டது.

“அன்னிக்கு பிரேக் பிடிச்சது நான் சார்” என்றாள் மகளின் தோளுக்குப் பின்னாலிருந்து. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் அவளிடம் படித்தவர்கள்.

விசாரணை முடியும்வரை மேடம் யாரையும் டெஸ்ட்டுக்கு அழைத்துவரக் கூடாது என்று உத்தரவாயிற்று. வகுப்பு எடுக்கலாம். டெஸ்ட்டுக்கு அவளிடம் படிக்கிறவர்களை மீசைக்காரர்தான் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். போர்டிலிருந்து ‘முதல் தடவையிலேயே’ என்ற எழுத்துகளை அப்பா ஏணி போட்டு ஏறிச் சுரண்டினார். விஷயம் தெரிந்த பிறகு அவர் ஜோக் அடிப்பதைக் குறைத்துக்கொண்டார். சுரண்டிய இடம் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது; எழுத்து இருந்தபோதுகூட அவ்வளவு தெரியவில்லை.

மகள் மீசைக்காரரிடம் சேர்ந்தாள்.

“வேற ஆளே கிடைக்கலையா?” என்று மேடம் கேட்டாள்.

“அவர்கிட்ட போனா எல்லாரும் ஃபெயிலாவாங்கன்னு நீதானே சொல்லுவ” என்றாள் மகள். அதில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா, மேடத்தால் பிரித்தறிய முடியவில்லை.

முதல் டெஸ்ட்டில் மகள் ஃபெயில். நாய்க் கடையில் விடுப்பு போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கிடந்தாள். அடுத்த நாள் எழுந்து வகுப்புக்குப் போனாள்.

ஒருநாள் மேடம் தன் ஆபீஸ் வாசலில் புது மாணவனோடு நின்றுகொண்டிருந்தாள். எதிரே ஆட்கள் கடக்கும் கோடு. தூரத்தில் மீசைக்காரரின் வண்டி வந்தது, கூரையில் அவர் பேர் எழுதிய பலகையோடு. ஓட்டுவது யார் என்று அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. தோள் அப்படி விறைத்திருந்தது. ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு கோட்டில் இறங்கினார்.

மேடத்தின் கால் நடைபாதையில் அழுந்தியது. தெரிந்துதான் அழுத்தினாள், நிறுத்த முடியவில்லை. சிமெண்ட் எங்கே இறங்கும்?

வண்டி முன்பக்கம் குத்தி, வால் தூக்கி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கோட்டுக்கு நன்றாக முன்னாலேயே. மீசைக்காரரின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அவர் இரண்டு கையும் ஜன்னல் விளிம்பில் இருந்தன. கால் எங்கே இருந்தது என்று இங்கிருந்து தெரியாது. ஆனால் தொழில் தெரிந்த வாத்தியார் யாரும் இப்படி நிறுத்தமாட்டார். இவ்வளவு அசிங்கமாக நிறுத்துவது ஒரே ஒரு காலால்தான் முடியும்.

பெரியவர் கடந்து போனார். மகள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

புது மாணவன் சிரித்தான். “யாரு மேடம் அது, வண்டியை இந்த உதை உதைச்சு நிறுத்தறது?”

தெரியாது என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. பழகிய நாக்கு.

“என் பொண்ணு” என்றாள் மேடம். “இப்பதான் கத்துக்கறா.”